ஓட்டை அட்டையில் பிறந்த கம்ப்யூட்டர்

வத்திராயிருப்பு பக்கம் இருக்கும் சுந்தரபாண்டியம் கைத்தறி நெசவுக்குப் பேர் போன ஊர். கைத்தறிச் சேலையின் கரையில் விழும் பூவையும் அன்னத்தையும் இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். நெசவுக்குள் கம்ப்யூட்டர் புதிதாகப் புகுந்துவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது தன் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது! எப்படி என்று பார்ப்போமா?

பிரான்சின் லியோன் நகரம் பட்டுக்குப் பெயர் பெற்றது. அங்கே பூ வேலை செய்ய நெசவாளர் ஒருவர் மட்டும் போதாது. எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டுமோ அதற்கான கயிற்றை இழுத்துக் கொடுக்க இன்னோர் ஆளும் வேண்டும். 1804-ல் ஜோசப் மாரி ஜக்கார்டு இந்த வேலையை அட்டைகளிடம் கொடுத்தார். ஊடை இழை ஒன்றுக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். கம்ப்யூட்டரின் 1, 0 கணக்கும் இதே ஆம், இல்லைதான்.

1839-ல் ஜக்கார்டின் உருவப்படத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கும் இதே மாதிரி அட்டைகளைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் துளை அட்டைகளால் எண்ணப்பட்டது.

பிறகு கம்ப்யூட்டர் துணிக்குத் திரும்பியது. 1980-ல் ஆஸ்திரேலியாவின் வில்காம் நிறுவனம் எம்பிராய்டரி வடிவமைக்கும் மென்பொருளைக் கொண்டுவந்தது. ஊசி எங்கே குத்த வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் அது கணக்கிடும். 1983-ல் போனஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டை மிலான் கண்காட்சியில் காட்டியது.

சரி, நம் ஊர்த் தறிக்கு வருவோம். முன்பெல்லாம் டிசைனைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அதைப் பார்த்து ஒருவர் வரிசை வரிசையாக அட்டை அடிப்பார். ஓர் ஓட்டை தவறினாலும் போதும், அந்தப் பூ வரும் இடமெல்லாம் பிழை வரும். இப்போது கட்டங்கள் திரைக்குப் போய்விட்டன. திருத்துவது சுலபம், நேரமும் மிச்சம். ஆனால் மிச்சமானது வரைபவரின் நேரம் மட்டுமே. நெசவாளர் முன்பு போலவே ஒவ்வொரு இழைக்கும் நாடாவைத் தட்ட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுலபமாக வரைய முடிந்தால் சுலபமாகக் காப்பியடிக்கவும் முடியும். கைத்தறியில் வந்த புதுக் கரையை ஸ்கேன் செய்து விசைத்தறியில் ஓட்டிவிடலாம். 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 ரகங்களைக் கைத்தறிக்கு என்று ஒதுக்கியது. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. புவிசார் குறியீடு கிடைத்தாலும் அது காப்பது பெயரைத்தான். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட பாதுகாப்பு. ஒரு புது டிசைனைக் காக்க வேறு வழி உண்டு. 2000-ம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, சந்தைக்கு வரும் முன்பே பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை கிடைக்கும். மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

ஜக்கார்டு காலத்தில் டிசைன் என்பது ஒரு கட்டு அட்டை. அது யார் வீட்டுப் பரணில் இருந்ததோ அவருக்குச் சொந்தம். இன்று அது ஒரு சின்னக் கோப்பு, யார் கைக்கும் போகும். அதனால் மென்பொருளைக் கற்றுக்கொள்வதோடு நெசவாளர் நின்றுவிடக் கூடாது. வரைந்த பூவைத் தன் பேரில் பதிவு செய்யவும் பழக வேண்டும். இல்லாவிட்டால் பூ அவருடையது, காசு மட்டும் வேறு யாருக்கோ!