மரபுரிமையும் பொதுமையும்: கணனிமொழி வரலாற்றில் ஒரு வினா

முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களின் எல்லையில் அமைந்தது கொக்கிளாய்க் களப்பு. அதில் மீன்பிடிப்போர் ஒவ்வொருவர்க்கும் வள்ளமும் வலையும் வேறு; களப்போ அனைவர்க்கும் ஒன்று. தலைமுறைகள் பெருகினும் களப்புகள் பெருகுவதில்லை. மரபாய் வருவனவற்றுள் பகுக்கப்படுவனவும் பகுக்கப்படாதனவும் உள என்னும் இவ்வேறுபாடு கணனிமொழிகளின் வரலாற்றிலும் ஒரு வினாவாய் எழுந்தது.

நோர்வே நாட்டு அறிஞர்களான ஒல்லே-யோகான் தால், கிறிஸ்தன் நிகார்ட் ஆகிய இருவரும் ஒஸ்லோ நகரில் ஆக்கிய 'சிமுலா 67' என்னும் மொழியே வகுப்பு, உபவகுப்பு என்னும் கருத்துக்களை முதன்முதல் வழங்கியது. தாய் வகுப்பின் இயல்புகளை உபவகுப்புப் பெறுதல் மரபுரிமை எனப்படும். ஒரு வகுப்பிற் பிறக்கும் பொருள் ஒவ்வொன்றும் தனக்கென மாறிகளைக் கொள்ளும். பின்வந்த மொழிகள் பலவற்றில், பொருள்தோறும் அமையாது வகுப்பு முழுமைக்கும் ஒன்றாய் அமையும் மாறியும் இடம்பெற்றது. அதுவே நிலைமாறி. உபவகுப்பு அதனைப் பெறுங்கால் பெறுவது பங்கா, படியா என்பதே வினா.

அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுநிலையத்தில் உருவான 'சிமோல்ரோக்-80' இரண்டிற்கும் இடமளித்தது. வழித்தோன்றல்கள் யாவும் பகிரும் மாறி ஒன்று; ஒவ்வொரு வகுப்பும் தனித்தனியே கொள்ளும் மாறி மற்றொன்று. 1985இல் வெளிவந்த சி++ மொழியும் 1995இல் வெளிவந்த யாவாவும் பொதுமையையே தேர்ந்தன.

ஓர் உதாரணம் காண்போம். 'படகு' என்னும் வகுப்பில் 'எண்ணிக்கை' ஒரு நிலைமாறி. அதன் உபவகுப்புகள் வள்ளமும் கட்டுமரமும். பொருளொன்று தோன்றுந்தோறும் எண்ணிக்கை ஒன்று கூடும். வள்ளம் 2, கட்டுமரம் 3 தோன்றின், யாவாவில் எங்கு வினவினும் விடை 5. வள்ளத்தின் தொகையை மட்டும் விழைந்தவர்க்கு இது பிழையான விடை. எனினும் கணனி எச்சரிக்கை எதுவும் தாராது. உபவகுப்பில் அப்பெயரை மீள அறிவித்தாலும், தாய் வகுப்பின் செய்முறைகள் பழைய மாறியையே நாடும்.

1991இல் வெளிவந்த பைதன் வேறு வழி சென்றது. அங்கு உபவகுப்பு தாயின் பெறுமானத்தை வாசிக்கும். தன் பெயரால் புதுப் பெறுமானம் இட்டதும் தனிமாறியொன்று பிறக்கும். அவ்வாறு எழுதின் விடைகள் 2, 3 எனப் பிரியும். தாயின் எண்ணிக்கை மாறாது நிற்கும்.

இவற்றுள் ஒன்று சரி, மற்றது தவறு எனல் பொருந்தாது. மரபுரிமை என்னும் ஒரே சொல் பகிர்தல், பிரிதல் என்னும் இருவேறு உறவுகளைக் குறித்து நிற்கின்றது. எதனைப் பொதுவாக வைப்பது, எதனைப் பிரித்துக் கொடுப்பது என்னுந் தீர்மானத்தை மொழி நமக்காகச் செய்யாது. நிரல் எழுதுவோரே அதனை முன்னரே செய்தல் வேண்டும்.