மாம்புரிக் கரையில் பரடேயின் விதி

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையில், கடலுக்கும் புத்தளம் கடனீரேரிக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர் மாம்புரி. அதன் கரையோரத்தே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அண்டையில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி உயர்ந்து தோன்றுகின்றது. ஒன்றை இயக்குவது காற்று. மற்றதை இயக்குவது நிலக்கரி. எனினும், இரண்டும் மின்காந்தத் தூண்டல் என்னும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை 1820இல் ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். அவ்வாறாயின், காந்தத்தால் மின்னோட்டத்தைப் பெறவியலாதா என்னும் வினா அறிஞர் பலரை ஆட்கொண்டது. 1831 ஓகஸ்ட் 29ஆந் திகதி இலண்டனில் மைக்கேல் பரடே இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலவடுக்குடன் இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே மற்றைய சுருளின் அருகிலிருந்த ஊசி அசைந்தது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்தபொழுது அது அசையவில்லை. ஒக்டோபர் 17ஆந் திகதி சுருளினுள் காந்தக் கோலொன்றைச் செலுத்தியும் வெளியே எடுத்தும் மின்னோட்டம் பெற்றார். காந்தம் அருகே இருத்தல் போதாது. சுருளூடாகச் செல்லும் காந்தப்பாயம் மாறுதல் வேண்டும் என்பது இவற்றால் தெளிவாயிற்று. மாற்றம் விரைவாயினும், சுருளின் சுற்றுகள் மிகுதியாயினும் மின்னியக்கவிசை கூடும்.

தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் என்பதை 1834இல் லென்ஸ் நிறுவினார். எனவே மின்பிறப்பாக்கியிலிருந்து மின்னைப் பெறுந்தோறும் அதனைச் சுழற்றுவது கடினமாகின்றது. அந்த எதிர்ப்பை வெல்ல ஏதேனுமொரு சக்தியைச் செலவிட்டே ஆகவேண்டும்.

இலங்கையில் அச்செலவை முதலில் பெருமளவில் ஏற்றது மலைநாட்டு நீர்வீழ்ச்சியே. டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் வலியுறுத்திய நீர்மின் திட்டம், 1950இல் இலக்சபானவில் நிறைவேறியது. மாம்புரிக் கரையில் 2010இல் 10 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி இயங்கத் தொடங்கியது. பின்னர் அது விரிவாக்கப்பட்டது. நுரைச்சோலையில் 2011இல் முதலாவது அலகும், 2014இல் ஏனையவும் சேர்ந்து 900 மெகாவாற்றுத் திறன் கிட்டியது. அங்கு உருவாகும் மின்னின் அழுத்தத்தை 220 கிலோவோற்றாக உயர்த்தித் தொலைவுக்கு அனுப்பும் நிலைமாற்றியும், தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் தூண்டல் மோட்டாரும் பரடேயின் வளையத்திலிருந்து பிறந்தவையே.

இக்கரையில் தென்மேல் பருவக்காற்று மிகுந்து வீசும் மாதங்களில் காற்றாலைகள் நன்கு சுழல்கின்றன. அதே காற்றினால் கடல் கொந்தளிப்பதனால், அக்காலத்தில் நிலக்கரிக் கப்பல்களிலிருந்து சரக்கை இறக்க இயலாது. அம்மாதங்களுக்கு வேண்டிய நிலக்கரியை முன்கூட்டியே குவித்துவைக்க வேண்டியுள்ளது. அக்குவியலின் தூளும் எரிந்த சாம்பலும் காற்றோடு வந்து படிவதாக அயலூர் மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். மறுபுறம், காற்று ஓய்ந்த நாளில் காற்றாலையும் ஓய்ந்துவிடும். அன்று விளக்கெரிய வேறோர் ஊற்று வேண்டும்.

சுருளூடான காந்தப்பாயம் மாற வேண்டும் என்பதே பரடேயின் விதி. எதனால் மாற வேண்டும் என்பதை அது விதிக்கவில்லை. அதனைத் தெரிந்தெடுப்பது மனிதரின் பொறுப்பு. மின்னொளி நாடெங்கும் செல்கின்றது. சாம்பலோ கரையோர மக்களிடமே தங்குகின்றது. தெரிவு செய்வோர் இவ்வேறுபாட்டையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.