மாடித்தோட்டத்தில் வெள்ளரி: பூ பூக்குது, காய் பிடிக்கலையா? காரணம் இதுதான்!

சாலட்டுக்கு நறுக்கிப் போடும் பச்சை வெள்ளரியை வீட்டிலேயே விதை போட்டு வளர்க்கலாம். ஆனால், பூக்கள் கொட்டுவதைப் பார்த்து, 'செடி வீணாப் போச்சு' என்று பலர் பாதியிலேயே பிடுங்கிப் போட்டு விடுகிறார்கள். விதைப்பு முதல் அறுவடை வரை கவனிக்க வேண்டியவை இதோ.

எப்போது விதைக்கலாம்?
தமிழ்நாட்டில் ஜூன்-ஜூலை, பிப்ரவரி-மார்ச் மாதங்கள் ஏற்றவை. தினமும் குறைந்தது 6 மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும்.

எப்படி விதைப்பது?
15 இன்ச் குரோ பேக்கில் செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பவும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். அரை இன்ச் ஆழத்தில் 2 விதைகளைப் போட்டால், ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நன்றாக வளரும் ஒரு நாற்றை விட்டுவிட்டு, மற்றொன்றைக் கத்தரியால் வெட்டவும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். சிவப்பு, நீலம் எனச் சாயம் பூசிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கும். அவற்றைத் தொட்டபின் கையைக் கழுவ மறக்காதீங்க.

பூ ஏன் கொட்டுது?
வெள்ளரியில் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். அவை உதிர்வது இயல்பு. அடுத்து வரும் பெண் பூவின் அடியில் குட்டி வெள்ளரி போல ஒரு பிஞ்சு இருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகி வாடினால், மகரந்தம் சரியாகச் சேரவில்லை என்பதே முக்கியக் காரணம். மாடிக்குத் தேனீ வராவிட்டால், காலையிலேயே ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் வருகிற தேனீயும் வராது.

கசந்தால் சாப்பிடலாமா?
வேண்டாம். கசப்புக்குக் காரணம் குக்கர்பிடசின் என்ற வேதிப்பொருள். கடும் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் அதை அதிகரிக்கும். அதிகம் கசக்கும் காயைச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். சமைத்தாலும் இது போகாது. காம்புப் பக்கத்தில்தான் கசப்பு அதிகம் என்பதால், அதை வெட்டி எறிந்துவிட்டு, மீதியில் சிறு துண்டை ருசி பார்க்கவும். அப்போதும் கடுமையாகக் கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்க. செடிக்குத் தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுவதே இதைத் தடுக்கும் எளிய வழி.

எப்போது பறிப்பது?
விதைத்த 45 முதல் 60 நாட்களில் அறுவடை தொடங்கும். ரகத்தைப் பொறுத்து 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடவும். ஒரு காயை மஞ்சளாக முற்ற விட்டாலும், செடி புதுக் காய் விடுவது குறைந்துவிடும்.