கணவன் பெயர் கூறாமை: பெண்டிர் வழக்கு ஒன்றன் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில், மலையடிவாரத்தே அமைந்தது லோயர் கேம்ப். இதனை அடுத்த பளியங்குடியிலிருந்து மங்கலதேவிக் கண்ணகி கோட்டத்திற்கு மலைவழி செல்கின்றது. சித்திரை முழுநிலா நாளில் மக்கள் திரளாக ஏறும் வழி இதுவே. இக்கோட்டமே சிலப்பதிகாரம் கூறும் கோட்டம் என 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் துணிந்தார். அத்துணிபு ஈண்டு ஆராயப்படவில்லை. கண்ணகியின் பெயரோடு இவ்வூர் தொடர்புற்றிருப்பது, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தக்க தோற்றுவாயாக அமைகின்றது.

ஆடவர் மொழியும் பெண்டிர் மொழியும் வேறுபடும் இடங்களுள் தமிழில் மிகத் தெளிவானது, மனைவி கணவன் பெயரைக் கூறாமையாகும். இன்று தளர்ந்துவிட்டதாயினும், முதிய தலைமுறையாரிடம் இவ்வழக்கு இன்னும் காணப்படும். 'என்னங்க' என்பது விளியாகும். 'எங்க வீட்டுக்காரர்', பிள்ளை பெயரைச் சார்த்திய 'அப்பா' என்பன சுட்டாகும். பெயர் கூறின் கணவன் வாழ்நாள் குறையும் என்பது நம்பிக்கை. ஒலியொப்புமையும் விலக்கப்படுதல் உண்டு. இப்பள்ளத்தாக்கில் சுருளி என்பது அருவியின் பெயர், ஆடவர் பெயருமாம். சுருளி என்பானை மணந்தவள் அருவியைக் குறிக்க 'சுருளி' என்னாது வேறு சொல்லையே நாடுவாள். அணை கட்டிய பொறியாளர் நினைவாகப் பென்னிகுயிக் எனப் பிள்ளைகட்குப் பெயரிடுதலும் இப்பகுதியில் உண்டு. அப்பெயரினனை மணந்தவள் பழைய வழக்கைப் பேணுவாளாயின், லோயர் கேம்ப்பிலுள்ள பென்னிகுயிக் மணிமண்டபத்தை எங்ஙனம் சுட்டுவாள் என்பது சிந்தித்தற்குரியது!

இவ்வழக்குத் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஜூலு மக்களிடை மணமான பெண் மாமனார் பெயரை மட்டுமின்றி அப்பெயரின் அசைகள் பயிலும் பிற சொற்களையும் விலக்குவாள். இவ்விலக்கினை எஸ்பர்சன் 1922இல் வெளியிட்ட மொழிநூலில் எடுத்துக்காட்டினார்.

இனி, இது தமிழில் தொன்மையானதோ எனின், அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய விதியைச் சிலர் சான்றாகக் கொள்ளக்கூடும். அது பொருந்தாது. அவ்விதி ஆண், பெண் இருபாலார்க்கும் ஒப்ப உரியது. செய்யுள் மரபே அன்றி இல்லற வழக்கன்று. கிழத்தி தன் வேட்கையைக் கிழவன்முன் கூறலாகாது, தன்னைப் புகழ்ந்துகொள்ளல் ஆகாது என்றெல்லாம் பெண்பாற் கூற்றுக்கு வரம்பிடும் தொல்காப்பியனார், கணவன் பெயரை அவள் கூறலாகாது என யாண்டும் விதந்தோதவில்லை. அன்றியும், 'எல்லா' என்னும் விளி இருபாலார்க்கும் பொதுவென உரையாசிரியர் கொள்வர். 'அடா', 'அடி' எனப் பால் பகுத்து விளிக்கும் பிற்கால வழக்கோடு இதனை ஒப்புநோக்குக.

எதிர்ச்சான்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. வாயிலோன் அரசனிடம் அறிவிக்குங்கால் அவளைக் கணவனை இழந்தவள் என்றே கூறுகின்றான், பெயர் இல்லை. அவைக்களம் புகுந்த கண்ணகியோ, கொலையுண்டவன் பெயர் கோவலன் என்றும், தான் அவன் மனைவி என்றும், தன் பெயர் கண்ணகி என்றும் தானே கூறுகின்றாள். வழக்காடுவார்க்குப் பெயர் கூறுதல் இன்றியமையாதது என்றும், கணவன் இறந்தபின் விலக்கு நீங்கும் என்றும் மறுப்போர் கூறலாம். அம்மறுப்பு வலியுடையதே, ஒரு சான்றால் ஒரு காலத்து வழக்கை முடிவுசெய்தல் கூடாது. எனினும் இளங்கோவடிகள் இதனை மரபுமீறலாகக் காட்டினாரல்லர். அரசனும் பெயர் கூறியமை பற்றி வியந்தானல்லன்.

கணவன் மனைவியைப் பெயரிட்டு அழைப்பதற்கு இத்தகைய கடுவிலக்கு இல்லை. பெரியோர் முன்னிலையில் அவனும் 'இந்தா' என்பதோடு அமைவதுண்டு. அது நாணத்தின்பாற் பட்டது, அச்சத்தின்பாற் பட்டதன்று. அவன் 'நீ' என, அவள் 'நீங்கள்' என்பதும் இவ்வேற்றத்தாழ்வின் பிறிதொரு கூறேயாம்.

பெயர் கூறாமையின் விளைவு இல்லத்தளவில் நிற்பதன்று. 1951-52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் அமைத்தபோது, பெண்டிர் பலர் அயலாரிடம் தம் பெயரையே கூறாது, இன்னார் மனைவி, இன்னார் மகள் எனப் பதிவுபெற்றனர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்தார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிர் பெயர்கள் நீக்கப்பட்டன. இவற்றுட் பெரும்பாலன பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், இராசத்தான் முதலிய வடபுலப் பகுதிகளைச் சார்ந்தவை. அங்கே பெண் தன் பெயரை மறைத்தாள். இங்கே கணவன் பெயரை மறைத்தாள். அவ்விலக்கால் அவள் வாக்குரிமை இழந்தாள்; தமிழ்ப்பெண்ணோ கணவன் பெயரைப் பிறர் வாயிலாகவேனும் பதிவுசெய்ய இயன்றது. கணக்கெடுப்போரிடம் மகனோ அண்டை வீட்டாரோ முன்வந்து அப்பெயரைக் கூறுதல் இப்பக்கத்தில் அண்மைக்காலம் வரை இயல்பாக இருந்தது.