பாலிங் மலையும் தோட்டத்து மருந்தும்

1955-ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய இரு தினங்களில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமானும் சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைச் சந்தித்த ஊர் என்றே பாலிங்கைச் சரித்திர நூல்கள் நினைவுகொள்கின்றன. அவ்வூரின் தலைமாட்டில் நிற்கும் சுண்ணாம்புக்கல் மலையைப் பற்றியும், சுற்றுவட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களைப் பற்றியும் அவை அதிகம் பேசுவதில்லை.

லாலாங் என்னும் களைப்புல்லை ஒழிப்பதற்காக மலாயாத் தோட்டங்களில் யுத்தத்துக்கு முன்னும் பின்னும் பரவலாகத் தெளிக்கப்பட்டது சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணம். தெளித்த புல்லை மேய்ந்த மாடுகள் மடிந்தன. 1960-களில் அதன் ஸ்தானத்துக்குப் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி வந்தது.

மழையில் கரைந்த இவையெல்லாம் எங்கே போயின? நீரோடு கரைந்த பொருள் நீரின் வேகத்திலேயே செல்லும் என்று எண்ணுவது இயல்பு. மண்ணோ அப்படி விடுவதில்லை. செம்மண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸைடுகள் ஆர்சனிக்கைப் பிடித்து நிறுத்துகின்றன. நீர் தேங்கிப் பிராணவாயு குன்றிய தாழ்நிலங்களில் அந்த இரும்பே கரைந்து, பிடித்ததைக் கைவிடுவதும் உண்டு. பாராகுவாட் களிமண்ணோடு இறுகிவிடும். உரத்திலிருந்து பிறக்கும் நைட்ரேட்டோ ஏறக்குறையத் தடையின்றி நீருடன் இறங்கிவிடும்.

பாலிங் மலை போன்ற சுண்ணாம்புப் பாறைகளில், பிளவுகளின் தர்மம் வேறு. 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி மணல் நிரம்பிய குழாயில் கண்ட நீரோட்ட விதி, சுண்ணாம்புக் குகைகளில் பாய்ந்தோடும் நீருக்குப் பொருந்தாது. 1877-இல் ஜெர்மனியில் டான்யூப் நதி மறையும் பள்ளத்தில் புவியியலறிஞர் க்னாப் இட்ட உப்பும் சாயமும் எண்ணெயும், 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆக் ஊற்றில் சில தினங்களுக்குள் வெளிப்பட்டன. ஆயினும் பிளவின் இருமருங்குமுள்ள நுண்துளைப் பாறை, ஓடும் நீரிலிருந்து சிறிதளவை ஊடுபரவலால் உள்ளிழுத்து, நெடுங்காலம் கழித்து மெல்லத் திருப்பித் தருகிறது. இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொள்ளாத கணித மாதிரி எதுவும் ஊற்று எப்போது தூய்மையாகும் என்பதைச் சரியாகச் சொல்லாது.

மண்ணைத் தொட்டதும் பாராகுவாட் செயலற்றுவிடும் என்று விற்றவர்கள் கூறியது பெரும்பாலும் மெய்யே. ஆனால் அத்தகைய மாதிரிகளின் சமன்பாடுகள் நிலத்தின் மேற்பரப்பில்தான் தொடங்குகின்றன, மருந்துப் பம்பை முதுகில் சுமந்த நம் பெண்களின் கைகளும் சுவாசமும் நகமும் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. மலேசியா அதனை 2002-இல் தடைசெய்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் தேதியன்று முற்றிலும் விலக்கியது. அதற்குள் பல தோட்டங்களில் பால்மரம் செம்பனையாக மாறியிருந்தது, மருந்தடித்தவர்களின் பிள்ளைகள் பட்டணங்களில் குடியேறியிருந்தனர்.