மன்னரின் விருந்தாளி எழுதாத விலை

1344 ஆம் ஆண்டு புத்தளக் கரையில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை நம் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. ஆரியச் சக்கரவர்த்தியை அவர் சந்தித்ததும், மன்னர் பாரசீக மொழி அறிந்திருந்ததும், முத்துக்களைப் பரிசாகப் பெற்றதும், சிவனொளிபாதமலைக்குப் போய்வந்ததும் நமது வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டவை. அக்குறிப்புக்களை அண்மையில் மீண்டும் வாசித்தபோது வேறொரு விடயம் கண்ணிற் பட்டது. மாணிக்கக் கல்லின் கணக்கை அவர் எழுதியிருக்கிறார். 100 பணம் பெறுமதியான கல்லை உள்நாட்டு மன்னர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். அதனிற் குறைந்தது கண்டெடுத்தவருக்கே உரியது. 100 பணம் என்பது 6 பொற்காசு. ஆனால் இந்நாட்டில் அரிசி என்ன விலைக்கு விற்றது, கோழி என்ன விலைக்கு விற்றது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காரணம் எளிது. அவர் இங்கு எதையும் வாங்கவில்லை. மலைக்குப் புறப்பட்டபோது மன்னர் பல்லக்குக் கொடுத்து, வழிகாட்ட யோகிகளையும் பிராமணரையும் சேர்த்து, உணவுப் பொருள்களைச் சுமக்க 15 பேரையும் அனுப்பிவைத்தார். மன்னார் மண்டலி என்று அவர் பெயரிடும் பட்டினத்தில் ஊரார் எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் என விருந்து படைத்தனர். பட்டியல் இருக்கிறது, விலை இல்லை. விருந்தாளி விலை கேட்பதில்லை அல்லவா!

சொந்தப் பணத்தில் வாங்கிய இடங்களில் அதே மனிதர் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். 1325 இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்நிய நாடுகளிலேயே உண்டு உறங்கியவர் அவர். வங்காளத்தில் ஒரு திர்ஹத்துக்கு 8 கொழுத்த கோழி, 15 புறாக் குஞ்சு, 2 திர்ஹத்துக்கு ஓர் ஆட்டுக்கடா, 3 வெள்ளித் தினாருக்குக் கறவை எருமை என்று சந்தை நிலவரம் எழுதும் நிருபரைப் போல அடுக்குகிறார். அதையும் அவ்வூரார் விலையேற்றம் என்று குறைகூறினார்களாம்.

இந்நூல் 1355 இல் பெஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்பவர் எழுதி முடித்தது. ஆகவே எண்களை எச்சரிக்கையோடுதான் கையாளவேண்டும். ஆயினும் ஒரு கணக்கு என்னை நம்பவைத்தது. வங்காளத்தில் நெடுங்காலம் குடியிருந்து பின்னர் டில்லியில் இறந்த மொரோக்கோ நாட்டவர் ஒருவர், தாமும் மனைவியும் வேலையாளுமாக மூவருக்கு ஓராண்டு உணவை 8 திர்ஹத்துக்கு வாங்கியதாக அவரிடம் கூறியிருக்கிறார். 80 றாத்தல் நெல் வாங்கிக் குற்றினால் 50 றாத்தல் அரிசி தேறும் என்பது அவர் சொன்ன விபரம். (டில்லி றாத்தல் மிகப் பெரியது, மொரோக்கோ றாத்தலைப்போல் 20 மடங்கு. நாம் பாணுக்கும் சீனிக்கும் வழங்கிய றாத்தல் என்ற சொல்லும் அந்த அரபுச் சொல்லோடு உறவுடையதே.) உரலில் நெல் குற்றியறிந்த எவரிடமும் இந்த விகிதத்தைக் கேட்டுப் பாருங்கள், சரி என்பார்கள். உமி எவ்வளவு போகும் என்பது அவ்வீட்டில் குற்றிப் பார்த்தே அறியப்பட்டிருக்கவேண்டும்.

அதே பட்டியலில், கோழிக்கும் நெய்க்கும் துணிக்கும் பின்னால், எவ்வித மாற்றமுமில்லாத தொனியில் ஓர் அடிமைப் பெண்ணின் விலையும் வருகிறது. ஒரு பொன் தினார். ஏறத்தாழ அந்த விலைக்கே ஆஷூரா என்னும் பெண்ணைத் தாம் வாங்கியதாக அவர் சொல்கிறார். இவ்விடத்தை வேகமாகக் கடந்துசெல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மலிவான நாடு என்று மகிழ்ந்து எழுதிய பட்டியலில் அவளும் ஒரு சரக்கு என்பதை மறைத்துவிட்டுக் கோழி விலையை மட்டும் எடுத்தாள்வது நேர்மையாகாது.

விலை ஒருபுறமிருக்க, எதைக் கொடுத்து வாங்குவது என்பது இன்னொரு பாடம். மாலைதீவில் அவர் காதியாராகப் பணிபுரிந்தார். அங்கு சோகியே காசு. ஒரு பொன் தினாருக்கு 4 இலட்சம் சோகி. மலிந்த காலத்தில் 12 இலட்சம் வரை. வங்காள வணிகர் அரிசி கொடுத்துச் சோகியை ஏற்றிச் சென்றனர். மட்பாண்டம் அரிதான அத்தீவுகளில் வெளியிலிருந்து வந்த ஒரு சட்டிக்கு ஐந்தாறு கோழிகளைக் கொடுத்தார்கள். வங்காளத்தில் 8 கோழிக்கு ஒரு வெள்ளிக்காசு. இங்கோ ஒரு மண்சட்டி!

பின்னர் 1352 இல் சகாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்றபோது அதே சோகியை அங்கு கண்டார். பொன் தினாருக்கு 1,150 தான். இரு தினார்களும் ஒரே பெறுமதி எனக் கொண்டால் ஏறக்குறைய 350 மடங்கு ஏற்றம். (16 ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் இந்தச் சோகியைக் கொண்டே மேற்கு ஆபிரிக்காவில் மனிதர்களை வாங்கின. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வாணிபத்தில் நமது துறைமுகங்களுக்கும் பங்கிருந்தது.)

மாலியின் கிராமப் பாதையில் கட்டுச்சோறும் வேண்டாம், பொற்காசும் வேண்டாம் என்கிறார். உப்புத் துண்டு, கண்ணாடி மணி, கொஞ்சம் வாசனைச் சரக்கு ஆகியவை போதும். ஊருக்குள் நுழைந்ததும் பெண்கள் தானியம், பால், கோழி, இலந்தைப்பழ மா, அரிசி, கடுகு போன்ற போனியோ என்னும் சிறுதானியம், பயற்று மா எல்லாம் கொண்டுவருவார்கள், வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். கடையோ கூரையோ கிடையாது. உப்பு விளையாத நாட்டில் உப்பே காசாயிற்று. எது காசு என்பதைத் தீர்மானித்தவள் பயணியல்ல, பாலைக் கொண்டுவந்த பெண்.

வாங்கத் தெரிந்தவருக்கு உண்ணத் தெரிந்திருக்கவில்லை. தலைநகரை அடைந்து பத்து நாளில், அந்நாட்டார் மிக விரும்பும் சேம்பு போன்ற ஒரு கிழங்கின் கூழை அறுவர் உண்டனர். அறுவரும் நோயுற்றனர்; ஒருவர் இறந்தார். தொழுகையில் மயங்கி விழுந்த இப்னு பதூதா, எகிப்தியர் ஒருவர் கொடுத்த வேர் மருந்தால் வாந்தியெடுத்துத் தப்பினார். இரண்டு மாதம் எழமுடியவில்லை. பின்னர் மன்னர் சுலைமானிடமிருந்து வரவேற்புப் பரிசு வருகிறது என்றதும் ஆடையும் பொன்னும் எதிர்பார்த்து எழுந்து நின்றார். வந்தவை மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, ஒரு சுரைக்குடுவைத் தயிர். பார்த்துச் சிரித்துவிட்டதாக அவரே எழுதுகிறார்.

ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த முத்துக்கள் மலையாளக் கரையோரத்தில் கடற்கொள்ளையர் கையிற் போயின. உடுத்த காற்சட்டை மட்டுமே அவருக்கு மிஞ்சியது. புத்தளத்திலிருந்து மலை நோக்கி அந்த 15 பேர் சுமந்து சென்ற உணவு எந்த ஊரில், யாரிடமிருந்து, எதைக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதை அவர் எழுதவில்லை.