அத்தாவின் பச்சை அத்தர்

உக்கடத்திலிருந்து டவுன்ஹால் பக்கம் நடந்தால் ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல். 1904-ல் கட்டியது. ஒரு வாசனைச் சரக்கின் பெயர் பள்ளிவாசலுக்கே நிலைத்துவிட்டது.

எங்க அத்தாவுக்கு ஒரே அத்தர்தான்: ஜன்னத்துல் பிர்தவ்ஸ். பச்சை நிறம். முதலில் புல்லைக் கசக்கி மோந்த மாதிரி இருக்கும், அப்புறம்தான் பூ வாசம் வரும். ஜும்மாவுக்குக் கிளம்பும்போது காது மடலில் அதில் நனைத்த பஞ்சு இருக்கும்.

பிர்தவ்ஸ் என்றால் சொர்க்கத் தோட்டம். வேர் பழைய ஈரானியச் சொல், மதில் சூழ்ந்த இடம் என்று பொருள். கிரேக்கம் வழியாக ஆங்கிலத்தில் 'பாரடைஸ்' ஆனதும் இதுவே. 1947-ல் பிரான்சில் ஜெர்மேன் செல்லியே பால்மேனுக்காகச் செய்த 'வான் வேர்' சென்டும் பச்சையும் பூவும் கலந்ததுதான். அதற்குப் பச்சை வாசம் தந்த கால்பனம் பிசினும் ஈரானில் கிடைப்பது.

அத்தா மவுத்தானபின் அதே பெயரில் ஒரு சீசா வாங்கினேன். நிறம் அதேதான், ஆனா அஸர் வரைக்கும்கூட நிக்கலை. கன்னோஜில் செம்புப் பானையில் பூவைக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். வாசத்தைப் பிடித்து வைப்பது அந்த எண்ணெய். சந்தனம் விலையேற, பல அத்தர்களில் பாரஃபின் எண்ணெய் வந்துவிட்டது.

அத்தாவின் காலி சீசாவை இன்னும் கழுவலை. மூடியைத் திறந்தா முதல்ல புல்லு, அப்புறம் பூ.